பெருநகரில் கண்காட்சிகளும் மேடை நிகழ்ச்சிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருநகரில் ஒரே மாலையில் பத்து இடங்களில் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய முடிவு. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகின்றன.

ஒரு நாளில் எத்தனை கண்காட்சி பார்க்கலாம்?

ஒரு பெரிய அருங்காட்சியகம், அல்லது மூன்று நான்கு சிறிய கலைக்கூடங்கள். அதற்கு மேல் போனால் கால் நடக்கும், கண் பார்க்காது.

இது சோம்பேறித்தனம் அல்ல. 'அருங்காட்சியகக் களைப்பு' என்ற பெயரிலேயே பாஸ்டனைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பதைப் பார்க்க ஆட்கள் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். வேகமாக நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொடுக்கும். இரண்டடி நடந்து, நின்று, மறுபடி இரண்டடி நடக்கையில் அந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை. அதனால்தான் பளிங்குத் தரையில் ஒரு மணி நேரம் நின்று நின்று நடப்பது, சாலையில் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட வலிக்கிறது.

தொண்ணூறு நிமிடம் பாருங்கள், அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள், பிறகு இன்னொரு முக்கால் மணி நேரம். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் எல்லை. நடுவில் பெஞ்சு தென்பட்டால் கால் வலிக்காவிட்டாலும் உட்கார்ந்துவிடுங்கள். நல்ல படத்துக்கு எதிரேதான் பெரும்பாலும் பெஞ்சு போட்டிருப்பார்கள்.

எந்த நேரத்தில் போனால் கூட்டம் குறைவு?

வார நாளில் திறந்தவுடன், அல்லது இரவு வரை திறந்திருக்கும் நாளில் கடைசி இரண்டு மணி நேரம். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் புதன், வெள்ளியில் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும், செவ்வாயன்று விடுமுறை. அதே ஊரில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, வியாழன் இரவு நேரம் நீளும். ஒரே ஊருக்குள்ளேயே விடுமுறை நாள் மாறுவதால் கிளம்புமுன் பார்த்துக்கொள்வது நல்லது. பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்பதுதான் பயணிகள் அதிகம் செய்யும் தவறு.

தற்காலிகக் கண்காட்சி என்றால் முதல் வாரமும் கடைசி இரண்டு வாரமும் நெரியும். விமர்சனம் படித்தவர்கள் முதலில் வருவார்கள். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்றிருந்தவர்கள் கடைசியில் வருவார்கள். நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ போங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் முதல் அறையிலேயே தேங்குவார்கள். அறிமுகப் பலகையை வாசிக்கும் கூட்டம் அது. நேராகக் கடைசி அறைக்குப் போய்ப் பின்னாலிருந்து வாருங்கள். காலவரிசை தலைகீழாகும், ஆனால் படம் முழுதாகத் தெரியும்.

இலவச நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்; வரிசையில் நின்றே அதில் பாதி கரைந்துவிடும். இரண்டாம் முறை போகிறவர்கள் ஒரே ஒரு அறைக்காகப் போக அது நல்ல நேரம். முதல் முறை போகிறவர்களுக்கு வேண்டாம்.

நுழைவுச்சீட்டில் இருக்கும் நேரம் பெரும்பாலும் உள்ளே நுழையும் நேரம் மட்டுமே. எப்போது வெளியேற வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் நிலைக்கண்ணாடி அறைகள் போன்றவை விதிவிலக்கு. அங்கே ஒரு குழுவை ஒரு நிமிடம் கூட நிற்கவிடாமல் வெளியே அனுப்பிவிடுவது சாதாரணம்.

ஒரு படத்துக்கு முன் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வின்படி சராசரி 27 விநாடி. நடுமதிப்பு 17 விநாடிதான். பெயர்ப்பலகை வாசிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். ஆக, படத்தைப் பார்த்தது பத்துப் பன்னிரண்டு விநாடி என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் படத்துக்கும் பத்து நிமிடம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். அறையை ஒரு சுற்று சும்மா நடந்து வாருங்கள். இழுக்கிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கண்காட்சிக்கும் ஐந்து போதும். அந்த ஐந்துக்கும் இப்படி:

1. படத்தின் மூலைவிட்ட நீளத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள். பெயர்ப்பலகை பக்கம் திரும்ப வேண்டாம்.
2. இரண்டு நிமிடம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மிகப் பெரிய வடிவம் எது, சட்டகத்தின் ஓரம் எதையாவது வெட்டுகிறதா, யார் யாரைப் பார்க்கிறார்கள்.
3. கயிறோ கோடோ அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டே போங்கள். தூரிகை எந்தத் திசையில் ஓடியிருக்கிறது, எங்கே வண்ணம் மெல்லிசாகித் துணி தெரிகிறது, எங்கே ஒன்றை மூடி இன்னொன்றைத் தீட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.
4. பக்கவாட்டில் இரண்டடி நகருங்கள். வார்னிஷின் பளபளப்பு விலகும். வண்ணத்தின் மேடுபள்ளம் தெரியும்.
5. பழைய இடத்துக்கே திரும்புங்கள். இப்போது பலகையை வாசியுங்கள், மறுபடி படத்தைப் பாருங்கள். கடைசி இந்த ஒரு நிமிடத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

புகழ்பெற்ற படம் கட்டாயம் நல்ல அனுபவம் தரும் என்றும் இல்லை. லூவரில் உள்ள மோனா லிசா 77 × 53 சென்டிமீட்டர். கண்ணாடிக்குள், தடுப்புக்கு அப்பால், பல தலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதே அறையின் எதிர்ச்சுவரில் வெரோனேசேயின் 'கானாவூர்த் திருமணம்' ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரம், பத்து மீட்டர் அகலத்தில் தொங்குகிறது. அறையில் பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்பேசியை உயர்த்தி நிற்பார்கள். திரும்பினால் போதும்.

பெயர்ப்பலகையில் இருக்கும் விவரங்கள் என்ன சொல்கின்றன?

கலைஞர் பெயர், பிறப்பு–இறப்பு ஆண்டு, தலைப்பு, வரைந்த ஆண்டு, ஊடகம், அளவு, யார் கொடுத்தது, பதிவு எண். அளவில் உயரம் முதலில், அகலம் பிறகு. ஊடகம் முக்கியம்: 'பலகைமேல் எண்ணெய் வண்ணம்', 'கேன்வாஸ்மேல் எண்ணெய் வண்ணம்' இரண்டும் கண்ணுக்கு வேறு வேறு. பலகை வழுவழுப்பாக இருக்கும், கேன்வாஸில் நெசவு தெரியும்.

பெயருக்கு முன்னும் பின்னும் இருக்கும் சின்னச் சொற்களையும் விடாதீர்கள். 'இன்னாருடையதாகக் கருதப்படுவது' என்றால் நிபுணர்களுக்கு முழு உறுதி இல்லை. 'இன்னாரின் பட்டறை' என்றால் குருவின் மேற்பார்வையில் சீடர்கள் கை. 'இன்னாரைப் பின்பற்றி' என்றால் நகல். பதிவு எண் 1985.64.2 என்றிருந்தால், பெரும்பாலான இடங்களில் அது 1985-இல் வந்து சேர்ந்த 64-ஆவது தொகுதியின் இரண்டாவது பொருள்.

ஒலி வழிகாட்டி எடுக்கலாமா?

முதல் சுற்றுக்கு வேண்டாம். குரல் எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே கண் தேடும். இரண்டாம் சுற்றில், தேர்ந்தெடுத்த ஐந்துக்கு மட்டும் கேளுங்கள். வரலாற்று, தொல்லியல் காட்சிக்கூடம் என்றால் இது தலைகீழ்: பானை ஓடு தானாகப் பேசாது, விளக்கத்தை முதலிலேயே கேட்பதுதான் சரி. சொந்தச் செல்பேசியில் கேட்பதானால் காதுக்கருவியும் முழு சார்ஜும் வேண்டும்.

உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு?

காகிதம், நீர்வண்ணம், துணி ஆகியவை வெளிச்சத்தில் நிறம் மங்கும்; மங்கியது திரும்பாது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்ற அளவைப் பல அருங்காட்சியகங்கள் பின்பற்றுகின்றன. வெளியே வெயிலில் அது பல்லாயிரம் லக்ஸ். கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடம் ஆகும். முதல் இரண்டு படங்களை அவசரமாகப் பார்த்துவிட்டு 'மங்கலாக இருக்கிறது' என்று நகர்ந்துவிடாதீர்கள். காகிதப் படைப்புகளைச் சில மாதம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் ஓய்வுக்கு அனுப்பிவிடுவதும் இதனால்தான். ஒரு குறிப்பிட்ட ஓவியத்துக்காகவே போகிறீர்கள் என்றால் அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள்.

தற்காலக் கலை எனக்குப் புரிவதில்லை. என்ன செய்வது?

'இதற்கு என்ன அர்த்தம்' என்று தொடங்கினால் பெரும்பாலும் முட்டுச்சந்துதான். 'இது எதனால் செய்யப்பட்டது, என்னை எங்கே நிற்க வைக்கிறது, எவ்வளவு சத்தம், எவ்வளவு கனம், எடுத்துவிட்டால் அறையில் என்ன மாறும்' என்று கேளுங்கள். ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலையில் பொருளும் இடமும்தான் பாதி படைப்பு. அதன்பிறகு சுவரில் உள்ள குறிப்பை வாசியுங்கள். குறிப்பும் புரியவில்லை என்றால் தவறு எப்போதும் உங்களுடையது அல்ல. கண்காட்சிக் குறிப்புகளில் புகைமூட்டமான எழுத்து நிறையவே உண்டு.

அறையின் மூலையில் நிற்கும் காவலரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தப் படைப்போடு தினமும் பல மணி நேரம் நிற்பவர் அவர்தான்.

காணொளிப் படைப்பை முழுதும் பார்க்க வேண்டுமா?

பலகையில் நிமிடக் கணக்கு இருக்கும். பன்னிரண்டு நிமிடத்துக்குள் என்றால் முழுதாகப் பாருங்கள். நீளமானால் எங்கே நுழைந்தாலும் சுழன்று வரும், பத்து நிமிடம் கொடுத்து முடிவு செய்யுங்கள். கிறிஸ்டியன் மார்க்லேயின் 'கடிகாரம்' 24 மணி நேரம் ஓடும். திரையில் காட்டும் மணியும் உங்கள் கைக்கடிகாரமும் ஒன்றாகவே இருக்கும். அதை யாரும் முழுதாகப் பார்க்க எதிர்பார்க்கவில்லை. ஐந்து காணொளிகள் உள்ள கண்காட்சி என்றால் நேரத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

படம் விற்கும் கலைக்கூடத்துக்குள் வாங்காமலே நுழையலாமா?

தாராளமாக. மணியடித்துக் கதவு திறக்கச் சொல்ல வேண்டிய இடத்திலும்கூட. கட்டணம் கிடையாது. விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி என்றால் விற்றாகிவிட்டது. அச்சோவியத்தின் அடியில் பென்சிலில் 12/50 என்றிருந்தால் ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள்.

படம் எடுக்கலாமா, தொடலாமா, பை கொண்டுபோகலாமா?

நிரந்தரச் சேகரிப்பைப் பல இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். கடன் வாங்கிவந்த படைப்புகள் உள்ள தற்காலிகக் கண்காட்சியில் உரிமையாளரின் நிபந்தனை, காப்புரிமை காரணமாகத் தடை இருக்கலாம். எடுப்பதானால் படத்தோடு பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து யாருடையது என்று தேடவேண்டிவரும்.

தொடக்கூடாது. கல்லும் உலோகமும்கூடத் தேயும். வத்திக்கானில் புனித பேதுருவின் வெண்கலச் சிலையின் வலது பாதம் நூற்றாண்டுக் கணக்காக யாத்திரிகர் கைபட்டு விரல்களே தெரியாமல் வழுவழுப்பாகிவிட்டது.

முதுகுப்பையைப் பொருள் காப்பறையில் வைக்கச் சொல்வது சந்தேகத்தால் மட்டும் அல்ல: திரும்பும்போது உங்கள் முதுகு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. படம் வரைய விரும்புவோர் பென்சில் கொண்டுபோகலாம். பேனா பெரும்பாலும் அனுமதி இல்லை.

மேடை நிகழ்ச்சிக்கு எந்த இருக்கை நல்லது?

விலை உயர்ந்தது என்பது பதில் இல்லை. என்ன நிகழ்ச்சி என்பதைப் பொறுத்தது.

நாடகத்துக்கு ஐந்தாவது வரிசையிலிருந்து பத்தாவது வரை. முகபாவம் தெரியும், கழுத்தும் வலிக்காது. நடனத்துக்குத் தரைத்தளத்தின் முன்வரிசை மோசமான தேர்வு. மேடை உயரமாக இருந்தால் பாதங்கள் மறையும், குழுவின் அமைப்பும் தெரியாது. முதல் பால்கனியின் முன்வரிசை இதற்குச் சரி.

ஒலிபெருக்கி இல்லாத இசைக்குழுவுக்கு முன்வரிசை வேண்டாம். அருகிலுள்ள வயலின்களே காதை நிறைத்துவிடும், பின்னால் இருக்கும் குழல்கள் வந்து சேராது. தரைத்தளத்தின் நடுப்பகுதியோ பால்கனியின் முன்பகுதியோ எடுங்கள். பால்கனிக்கு அடியில், கூரை தாழ்ந்து ஆழமாக நீளும் கடைசி வரிசைகளைத் தவிருங்கள்: மேலிருந்தும் சுவர்களிலிருந்தும் எதிரொலித்து வரவேண்டிய ஒலி அங்கே எட்டாது.

ஒலிபெருக்கி உள்ள இசைக்கு, ஒலிப்பொறியாளரின் மேசை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவர் கேட்பதை வைத்துத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். அதற்கு அருகில் நிற்பவருக்கும் அதுவே கேட்கும். பெரிய விளையாட்டரங்கில் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருந்தால், மேடையில் எழும் ஒலி ஏறக்குறைய 0.3 விநாடி தாமதமாக வரும். திரையில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரங்கமும் நிகழ்ச்சியும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். சிம்பொனிக்கு எதிரொலி இரண்டு விநாடி அளவில் நீடித்தால் செழிப்பாக இருக்கும். அதே அரங்கில் நாடக வசனம் பேசினால் சொற்கள் ஒன்றோடொன்று குழையும். அதற்கு ஒரு விநாடி போதும். இதைக் கணக்குப் போட்டுக் கட்டிய தொடக்ககால அரங்கு 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால். கணக்கு இயற்பியலாளர் வாலஸ் சபைனுடையது.

'பார்வை மறையும் இருக்கை' என்று குறைந்த விலைக்கு விற்பதை வாங்குமுன் எது மறைக்கிறது என்று கேளுங்கள். கைப்பிடிக் கம்பி என்றால் பரவாயில்லை. தூண் என்றால் கச்சேரிக்கு மட்டும் வாங்குங்கள்.

குறைந்த செலவில் டிக்கெட் கிடைக்குமா?

கிடைக்கும், பொறுமை இருந்தால். அன்றைய நாளில் மிஞ்சியதைக் குறைத்து விற்பது, மாணவர் சலுகை, பகல் காட்சி, அதிகாரப்பூர்வ முதல் காட்சிக்கு முந்தைய முன்னோட்டக் காட்சிகள், திரும்ப வந்த சீட்டுகளுக்கான வரிசை எல்லாம் உண்டு. ஒற்றை ஆளாகப் போகிறவருக்கே வாய்ப்பு அதிகம். அரங்கம் நிரம்பிவிட்டது என்ற இரவிலும் எங்கோ ஓர் ஒற்றை இருக்கை காலியாக இருக்கும்.

நின்று பார்க்கும் இடங்களும் உண்டு. வியன்னா அரசு ஓபராவில் நிற்குமிடச் சீட்டு வாங்கினவர்கள் கம்பியில் ஸ்கார்ஃப் கட்டி இடம் பிடிப்பார்கள். லண்டனில் 1997-இல் திறந்த ஷேக்ஸ்பியர் குளோப் அரங்கின் முற்றத்தில் 700 பேர் நிற்கலாம். மேலே கூரை இல்லை, குடை விரிக்க அனுமதியும் இல்லை. மழைக்கோட்டு எடுத்துப் போங்கள்.

ஏமாறும் இடம் மறுவிற்பனைதான். அரங்கின் சொந்த இணையதளத்திலிருந்தே தொடங்குங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரம் பெரும்பாலும் தரகருடையது. விற்பனை தொடங்காத நிகழ்ச்சிக்கே சீட்டு விற்பவரிடம் வாங்காதீர்கள். சீட்டின் க்யூஆர் குறியைப் படமாகச் சமூக ஊடகத்தில் போடுவதும் வேண்டாம். அதை நகலெடுத்தவர் உங்களுக்கு முன்னால் நுழைந்தால் வாசலில் உங்கள் சீட்டு செல்லாது.

ஓபரா, அல்லது வேறு மொழி நாடகம்: எப்படித் தயாராவது?

கதைச்சுருக்கத்தை முன்கூட்டியே வாசித்துவிடுங்கள். முடிவு தெரிந்தால் சுவை போகும் கலை அல்ல ஓபரா. இரண்டு மூன்று பாடல்களை முந்தின நாள் கேட்டுவையுங்கள். மேடைக்கு மேல் மொழிபெயர்ப்பு ஓடும் முறை 1983-இல் டொரான்டோவில், கனடிய ஓபரா கம்பெனியின் 'எலெக்ட்ரா'வில் தொடங்கியது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய அரங்கிலும் உண்டு. முதல் ஐந்து வரிசையில் இருந்தால் அதை வாசிக்கக் கழுத்தை அண்ணாந்தே இருக்கவேண்டும். பால்கனிக்கு அடியில் கடைசி வரிசை என்றால் கூரை மறைக்கும்.

எப்போது கைதட்டுவது?

மேலை இசைக் கச்சேரியில் ஒரு படைப்பு பல பகுதிகளாக இருக்கும். கான்செர்ட்டோவுக்கு (தனி வாத்தியம் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிப்பது) பெரும்பாலும் மூன்று, முழு இசைக்குழுவுக்கான சிம்பொனிக்குப் பெரும்பாலும் நான்கு. நிகழ்ச்சிநிரலில் எண்ணிக்கை இருக்கும். பகுதிகளுக்கு நடுவே தட்டுவதில்லை என்பது இன்றைய வழக்கம். மொட்சார்ட் காலத்தில் நடுவிலேயே தட்டினார்கள், அவர் மகிழ்ந்தும் போனார். ஆகவே தவறாகத் தட்டிவிட்டால் கூனிக்குறுக வேண்டியதில்லை.

எண்ணிக்கை தவறிவிட்டால் இசைக்குழுவை நடத்துபவரின் கைகளைப் பாருங்கள். கை கீழே இறங்கி, அவர் பார்வையாளர் பக்கம் திரும்பினால் முடிந்தது. சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி பழகியவர்களையும் கவிழ்த்துவிடும்: மூன்றாம் பகுதி முழங்கி முடியும், அரங்கமே தட்டும், அதன்பின் ஒரு நீண்ட மெதுவான பகுதி ஓசையற்று அடங்கி முடியும். அந்த அடங்கலுக்குப் பின் முதலில் தட்டுகிறவராக இருக்காதீர்கள்.

ஜாஸில் இது நேர்மாறு, ஒவ்வொருவரின் தனி வாசிப்புக்குப் பிறகும் தட்டலாம். பாலேயில் கடினமான தனி ஆட்டத்துக்குப் பிறகு தட்டுவார்கள். நாடகத்தில் விளக்கு அணையும் வரை பொறுங்கள்.

இருமல், செல்பேசி, தாமதம்?

இருமல் மிட்டாயை உறை பிரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மெதுவாகப் பிரித்தால் சத்தம் குறையாது, நீளும். செல்பேசியை அதிர்வில் வைப்பது போதாது. மர இருக்கையில் அதிர்வு நன்றாகக் கேட்கும். கைக்கடிகாரத் திரையையும் அணைத்துவிடுங்கள், கை அசையும்போதெல்லாம் பின்வரிசைக்கு அது டார்ச்.

தாமதமானால் இடைவேளை வரையோ, பொருத்தமான இடைவெளி வரையோ வெளியே நிறுத்துவார்கள். இடைவேளை இல்லாத நாடகத்தில் உள்ளேயே விடாமலும் போகலாம். அரை மணி முன்னதாகப் போய்ச் சேரத் திட்டமிடுங்கள். பை சோதனைக்கும் கழிப்பறை வரிசைக்கும் அது வேண்டும். இடைவேளைக்குக் கழிப்பறை போகிறவர்கள் மேல்தளத்துக்கு ஏறிப் பாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும்.

சத்தமான கச்சேரி காதைக் கெடுக்குமா?

கெடுக்கும், கெட்டது மீளாது. பணியிடப் பாதுகாப்புக்கான பரவலான கணக்கு: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் பதினைந்து நிமிடம். நிகழ்ச்சி அரங்குகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்த உச்சவரம்பு, பதினைந்து நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அதாவது விதியை மதிக்கும் அரங்கிலும் இரண்டு மணி நேரம் வெறும் காதோடு நிற்பது அதிகம்தான்.

நுரையால் ஆன காதடைப்பான் மலிவு. ஆனால் மேல்சுருதி ஒலிகளையே அதிகம் வெட்டுவதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். நுரை வகையைப் போடும் முறை: விரலால் மெல்லிசாக உருட்டுங்கள், மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள், நுழைத்து அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அது வேலை செய்யவில்லை. ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வாருங்கள். மறுநாளும் காதில் இரைச்சல் இருந்தால் காது மருத்துவரிடம் போங்கள்.

தொலைநோக்கி உதவுமா?

மேல் பால்கனியில் உதவும். மூன்று நான்கு மடங்கு பெருக்கம் போதும். எட்டு மடங்கு கையில் ஆடும், காட்டும் பரப்பும் குறுகிவிடும். உயரமான கூரை ஓவியத்துக்கும் அதே கருவி ஆகும்.

குழந்தைகளை அழைத்துப்போகலாமா?

அருங்காட்சியகத்தில் நாற்பது நிமிடம். தேட ஒரு விஷயம் கொடுங்கள்: 'இந்த அறையில் எத்தனை நாய்?' பழைய ஓவியங்களில் நாய் எங்காவது படுத்திருக்கும். மேடை நிகழ்ச்சிக்கு வயது வரம்பைப் பார்த்து, நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள்.

காது கேட்பது, பார்வை, நடமாட்டம் இவற்றில் சிரமம் உள்ளவர்களுக்கு?

இருப்பதைக் கேட்டால்தான் தெரியும். இணையதளத்தில் ஆழப் புதைத்திருப்பார்கள். செவிக்கருவி அணிபவர்கள் அரங்கின் ஒலியை நேராகச் செவிக்கருவிக்கு அனுப்பும் தூண்டல் வளையம் உண்டா, எந்த இருக்கைகளில் நன்றாக எடுக்கும் என்று கேளுங்கள். அந்த ஒலியைப் பெற, செவிக்கருவியில் டி-காயில் என்ற அமைப்பை இயக்கவேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒலி விவரணை, சில இடங்களில் தொட்டுப் பார்க்கும் சுற்று. சத்தம், இருட்டு தாங்காதவர்களுக்கு விளக்கை முழுதாக அணைக்காத, எழுந்து நடக்க அனுமதிக்கும் தளர்வுக் காட்சிகள். சக்கர நாற்காலி இடங்கள் குறைவு. விற்பனை தொடங்கிய அன்றே தொலைபேசியில் கேளுங்கள். விட்டுவிட்டு மின்னும் ஒளி பற்றிய எச்சரிக்கை வாசலில் மட்டுமே இருக்கலாம்; விநாடிக்கு மூன்று முதல் முப்பது முறை மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பிடிக்காவிட்டால் நடுவில் எழுந்து போகலாமா?

இடைவேளையில் போங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கண்காட்சியில் அதுவும் தேவையில்லை.

ஒரே நாளில் கண்காட்சியும் மாலை நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். கண்காட்சியைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கண்ணுக்கு வேலை கொடுக்காமல் உட்காருங்கள். செல்பேசியும் கண்ணுக்கு வேலைதான். மாலையில் இடைவேளை உள்ள நிகழ்ச்சியாகப் பாருங்கள். காலில் பழகிய செருப்பு. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை அரங்கத்துக்குள் நுழையுமுன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கும் முடிவு நேரத்தோடு கால் மணி கூட்டிக் கணக்கிடுங்கள்.